அரை மகரந்தப்பை

மக்கோக்கு சந்தையில் அரைத்த மரவள்ளியை
இந்த இலையில்தான் சுற்றி அவிக்கிறார்கள்.
என் நாத்தனார் ஓயான் கட்டைப் பிரிக்காமலே
ஓரத்தைத் தடவிச் சொல்லிவிடுவாள்:
இது கிழியும், இது தாங்கும்,
இது வெந்தால் கசக்கும்.
அவளுக்குப் பேரினங்கள் மூன்று.
மூன்றும் இதுவரை அவளைக் கைவிட்டதில்லை.

எனக்குச் சம்பளம் பூவுக்கு.
இலையை நம்பாதே என்பதில் தொடங்குகிற வேலை.
நிழலில் நீளும், வெயிலில் குறுகும்,
யானை மிதித்த இடத்தில்
அடுத்த தளிர் வேறு முகத்தோடு வரும்.

வாழைப்பூவுக்கு ஐந்து மகரந்தத்தாள்.
இஞ்சிக்கு ஒன்றே ஒன்று, மஞ்சளுக்கும்.
மற்றவை இதழாகிவிட்டன,
வேலையை உதறிவிட்டு
நல்ல துணி உடுத்திக்கொண்டவர்கள் மாதிரி.
கல்வாழைக்கு அந்த ஒன்றிலும் பாதி.
இந்தக் காட்டுக் கூவைக்கும் பாதி:
ஒரு பக்கம் மகரந்தம்,
மறு பக்கம் வெறும் நிறம்.
அந்த அரைப் பையை வைத்துத்தான்
இரண்டு குடும்பமும் இன்றுவரை
உறவு கொண்டாடுகின்றன.

தாள் எண் 4417.
நாற்பத்தொன்பதாம் வருஷம் யாரோ
கொங்கூ அருவிக்கு மேலே பறித்து
செய்தித்தாளில் அழுத்தியது.
மையில் ஒரு பெயர்.
அதை அடித்துப் பென்சிலில் இன்னொன்று.
அதன் பக்கத்தில் கையெழுத்தில்லாத
ஒரு கேள்விக்குறி.

ஒரு பூவைக் கிள்ளி வெந்நீரில் போட்டேன்.
தேயிலை போல அவிழ்ந்தது.
சூல்தண்டு சுருண்டு கிடந்தது.

இந்தக் குடும்பத்தில் அது ஒரு முறைதான்.
தொப்பி போன்ற மடலுக்குள்
வளைத்து நிறுத்திய வில்.
தொப்பியின் ஓரத்தில் சின்ன வால்.
தேனீ அதை இடித்தால் போதும்:
தண்டு துள்ளிச் சுருளும்,
கொண்டுவந்ததை வழித்துக்கொள்ளும்,
தன்னுடையதைப் பூசி அனுப்பும்.
கண் இமைக்க நேரமில்லை.
மறுபடி நாணேற்ற முடியாது.

வால் ஒன்றா, இரண்டா?
எழுபது வருஷத்துக் கேள்விக்குறி அவ்வளவுதான்.
தெறித்த பூவில் எல்லாம் கசங்கிப்போயிருந்தது.

தேனீக்கு முந்த வேண்டுமென்று
ஐந்தரைக்கே பிரோஸ்பேர் வண்டியை எடுத்தான்.
அரைத் தூக்கத்தில் ஓட்டினான்.
பாலத்தருகே, முழங்கால் சேற்றில், செடி.
பூக்கள் இணையிணையாக இருந்தன,
ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக,
ஒருத்தியின் இடக்கையும் வலக்கையுமாக.

இடப்பக்கத்துப் பூவில் ஊசி வழுக்கியது.
தெறித்துவிட்டது.
அதற்கு என்ன தெரியும்,
தேனீயும் நானும் ஒன்றுதான்.

வலப்பக்கத்தை மூச்சடக்கித் திறந்தேன்.
வால் இரண்டு.
பிரோஸ்பேரையும் எண்ணச் சொன்னேன்.
இரண்டுதான் என்றான்,
இதற்காகவா எழுப்பினாய் என்ற குரலில்.

புதுச் சீட்டு ஒட்டினேன்:
பேரினம், தேதி, அன்னிசெத் முசாவு.
கேள்விக்குறியை அழிக்கவில்லை.
அதைப் போட்டவருக்கும் சந்தேகம் சரிதானே.
தாள் இரண்டு அலமாரி தள்ளிப் போனது,
அறியாத அண்டை வீட்டுக்கு.

"பேர் மாறினா வெல மாறுமா?"
ஓயான் கேட்டாள்.
மாறாது என்றேன்.
"அப்போ அதுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

மீந்த ஒரு கிளையை அவளிடம் நீட்டினேன்.
இருபது வருஷம் இலை கட்டியவள்
பூவை உற்றுப் பார்த்ததில்லை.
கட்டைவிரல் நகத்தால் தொட்டாள்.
டக்.
கையை உதறிச் சிரித்தாள்.
"கோபக்காரி! இன்னொரு தரம் காட்டு."
இன்னொரு தரம் கிடையாது என்றேன்.
நம்பாமல் அதையே
மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் சந்தையில்
நான் வாங்கிய இலைக்கட்டுக்குள்
ஒரு பூங்கொத்து செருகியிருந்தது.
பதினான்கு பூ.
வழியிலேயே எல்லாம் தெறித்துவிட்டன,
ஒன்றும் உதவாது.
இருந்தாலும் உட்கார்ந்து
வாலை எண்ணத் தொடங்கினேன்.